"ஒண்ணும் பண்ணாது" என்று சொல்லிவிட்டால் போதுமா? சென்னையில் நாய் வளர்ப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2024 மே 5, ஞாயிற்றுக்கிழமை இரவு. ஆயிரம் விளக்கு மாடல் பள்ளி சாலையில் உள்ள மாநகராட்சிப் பூங்காவில், காவலாளியின் ஐந்து வயது மகளை இரண்டு ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறின. தலைத்தோல் பிய்ந்துபோன குழந்தைக்குப் பெரிய அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டியிருந்தது. நாய்களின் உரிமையாளர் கைதானார். 2025 ஆகஸ்டில் ஜாபர்கான்பேட்டையில் அக்கம்பக்கத்தில் வளர்த்த பிட்புல் கடித்து 55 வயதுக்காரர் ஒருவர் உயிரிழந்தார். அதே ஆண்டு டிசம்பரில் இந்த இரண்டு இனங்களையும் புதிதாக வளர்க்கக் கூடாது என்று சென்னை மாநகராட்சி மன்றம் தீர்மானம் போட்டது.

அன்றிலிருந்து எந்த குடியிருப்பு நலச்சங்கக் கூட்டத்துக்குப் போனாலும் பேச்சு நாயில் வந்துதான் நிற்கிறது. நானும் வீட்டில் நாய் வளர்ப்பவன்தான். சங்கக் கூட்டத்திலும், காலை நடையிலும், கால்நடை மருத்துவரின் வாசலில் காத்திருக்கும்போதும் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

வீட்டு நாய்க்கு லைசென்ஸ் கட்டாயமா? எங்கள் தாத்தா காலத்தில் யாரும் வாங்கவில்லையே?

கட்டாயம். சட்டத்தில் இந்த விதி ரொம்ப காலமாகவே இருக்கிறது. யாரும் கேட்கவில்லை, அதனால் யாரும் வாங்கவில்லை, அவ்வளவுதான். பூங்காச் சம்பவத்துக்குப் பிறகுதான் மாநகராட்சிக்கு விண்ணப்பங்கள் குவிந்தன. 2025 இறுதியில் கெடு வைத்து, அதையும் நீட்டித்து, லைசென்ஸ் இல்லாமல் நாய் வளர்த்தால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தார்கள்.

கட்டணம் 50 ரூபாய். மாநகராட்சி இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். முகவரிச் சான்று, நாயின் படம், வெறிநாய்க்கடி தடுப்பூசி போட்டதற்கான சான்றிதழ் ஆகியவை வேண்டும். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். இதில் தடுப்பூசிச் சான்றிதழ்தான் முக்கியம். லைசென்ஸைப் புதுப்பிக்க ஊசி போட்டே ஆக வேண்டும் என்பதால், மறந்துபோகிறவர்களும் வருடத்துக்கு ஒரு முறை மருத்துவரிடம் போய்விடுவார்கள். 50 ரூபாயால் மாநகராட்சியின் கஜானா நிரம்பப் போவதில்லை. "இதுவும் ஒரு வசூல்" என்று சலித்துக்கொள்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

மைக்ரோசிப் என்றால் என்ன? நாய்க்கு வலிக்குமா? நம்மைக் கண்காணிக்கவா?

அரிசி மணி அளவுள்ள ஒரு பொருள். தோள்பட்டைக்கு இடையில் தளர்வாக இருக்கும் தோலுக்கு அடியில் ஊசி மூலம் செலுத்துவார்கள். தடுப்பூசிக்குச் சிணுங்கும் அளவுக்குத்தான் நாய் சிணுங்கும். அதில் பேட்டரி இல்லை, ஜிபிஎஸ் இல்லை. நாய் எங்கே இருக்கிறது என்பதை அது சொல்லாது. ஸ்கேனரை அருகில் கொண்டுபோனால் ஓர் எண்ணைக் காட்டும். அந்த எண்ணுக்கு எதிரே உங்கள் பெயரும் முகவரியும் பதிவாகியிருக்கும்.

வண்டிக்கு நம்பர் பிளேட் எதற்கோ, நாய்க்குச் சிப்பும் அதற்குத்தான். கடித்துவிட்டு ஓடிய நாயும், தொலைந்துபோன நாயும், ராத்திரியில் யாரோ பாலத்தடியில் இறக்கிவிட்டுப் போன நாயும் யாருடையது என்று தெரிந்தால்தான் அடுத்த காரியம் எதுவும் நடக்கும். இந்த விவாதத்தில் என் நிலைப்பாடும் இதுதான். காகிதத்தில் பெயர் இல்லாத உரிமையாளரை எந்தச் சட்டமும் தொட முடியாது. அபராதத்தைப் பத்து மடங்கு கூட்டினாலும் யாரிடம் வசூலிப்பது?

திரு.வி.க. நகர், புளியந்தோப்பு, லாயிட்ஸ் காலனி, நுங்கம்பாக்கம், கண்ணம்மாபேட்டை, மீனம்பாக்கம் ஆகிய இடங்களில் உள்ள மாநகராட்சிச் செல்லப்பிராணி சிகிச்சை மையங்களில் சிப் பொருத்தும் முகாம்கள் நடந்தன. ஞாயிறு முகாம்களில் வரிசை நீளம். போகிறவர்கள் தண்ணீர்க் கிண்ணமும் வாய்மூடியும் எடுத்துப்போங்கள். அத்தனை நாய்கள் ஒரே இடத்தில் நிற்கும்போது சாதுவான நாயும் உறுமும்.

பிட்புல், ராட்வைலர் ஏற்கெனவே வைத்திருக்கிறோம். பிடித்துக்கொண்டு போய்விடுவார்களா?

மாட்டார்கள். முன்பே லைசென்ஸ் பெற்றிருந்தால் வைத்துக்கொள்ளலாம். வெளியே கூட்டிவந்தால் கழுத்துப்பட்டையோடு கயிறும், வாய்மூடியும் கட்டாயம். தடையை மீறினால் அபராதம் ஒரு லட்சம் ரூபாய் வரை போகக்கூடிய விஷயம் இது.

வாய்மூடி வாங்கும்போது துணியில் இறுக்கமாக வருவதைத் தவிருங்கள். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் உடம்பைக் குளிர வைத்துக்கொள்ளும். மே மாதச் சென்னை வெயிலில் வாயைக் கட்டிப்போட்டால் மயங்கி விழும். கூடை மாதிரி பின்னிய வாய்மூடியில் நாய் வாயைத் திறக்கலாம், தண்ணீர் குடிக்கலாம், கடிக்க மட்டும் முடியாது. முதல் நாளே மாட்டிவிட்டு வெளியே இழுத்துப் போகாதீர்கள். உள்பக்கம் கொஞ்சம் தயிரோ வேகவைத்த கோழியோ தடவி நீட்டினால் தானாக மூக்கை உள்ளே விடும். பட்டையைப் பூட்டாமல் சில நாள் அப்படியே பழக்குங்கள். பிறகு பூட்டினால் முரண்டு பிடிக்காது.

இனத்தைத் தடை செய்வது சரியா? நாயின் குணம் வளர்ப்பில்தானே இருக்கிறது?

இந்தக் கேள்விக்கு இரண்டு பக்கமும் கோபமாகத்தான் பதில் வருகிறது. என்னால் ஒரு பக்கம் மட்டும் நிற்க முடியவில்லை.

பொமரேனியன் கடித்தால் தையல் போட வேண்டிவரும். ராட்வைலர் கடித்தால் உயிர் போகலாம். தாடை வலிமையும் உடல் எடையும் இனத்தோடு வருபவை, வளர்ப்பால் மாறாதவை. "எல்லா நாயும் ஒன்றுதான்" என்று ஆயிரம் விளக்குக் குழந்தையின் தாயிடம் போய் யாராவது சொல்ல முடியுமா?

ஆனால் தடை மட்டும் போட்டுவிட்டு உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதையும் பார்க்க வேண்டும். 2024 மார்ச் 12-ஆம் தேதி மத்திய அரசின் கால்நடைப் பராமரிப்புத் துறை 23 இனங்களின் பெயரைக் குறிப்பிட்டு, அவற்றின் விற்பனைக்கும் இனப்பெருக்கத்துக்கும் அனுமதி தர வேண்டாம் என்று மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. சம்பந்தப்பட்டவர்களைக் கலந்து பேசாமல் எழுதப்பட்டது என்று ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பல ஆண்டுகள் பிட்புல்லைத் தடை செய்திருந்த நெதர்லாந்து, கடி குறையவில்லை என்று 2008-ல் தடையை விலக்கியது. இத்தாலியும் 2009-ல் இனப் பட்டியலைக் கைவிட்டுப் பொறுப்பை உரிமையாளர் தலையில் வைத்தது. கனடாவின் கால்கரி நகரம் இனத்தைத் தொடவே இல்லை. லைசென்ஸை எளிதாக்கி, மீறினால் அபராதத்தைக் கடுமையாக்கியது. பிரிட்டனோ 1991-ல் தொடங்கிய தடைப் பட்டியலை விடாமல் 2023 இறுதியில் எக்ஸ்எல் புல்லி என்ற பெரிய நாய் வகையையும் சேர்த்துக்கொண்டது. உலகம் இதில் ஒரே முடிவுக்கு வரவில்லை.

நம் ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு. கலப்பினக் குட்டியை "இது பிட்புல் இல்லை" என்று ஒருவர் சொன்னால் யார் தீர்மானிப்பது? தடைக்குப் பயந்து நாயை மொட்டை மாடி அறையில் மறைத்து வைப்பவர் மருத்துவரிடமும் கூட்டிப்போக மாட்டார். தடுப்பூசி இல்லாமல், ஆள் பழக்கம் இல்லாமல், நடை இல்லாமல் வளரும் பெரிய நாயைவிட ஆபத்தான நாய் எது? ராஜபாளையமும் கோம்பையும் காவலுக்கும் வேட்டைக்கும் வந்த இனங்கள்தான். அவை எந்தத் தடைப் பட்டியலிலும் இல்லை. அதற்காக வாசலில் அவிழ்த்துவிட்டால் கடிக்காமல் இருக்குமா?

நடந்த கொடுமைக்குப் பிறகு மாநகராட்சி சும்மா இருந்திருக்க முடியாது. அதனால் தடையை நான் எதிர்க்கவில்லை. ஆனால் அடுத்த குழந்தையைக் காப்பாற்றப் போவது கயிறும் லைசென்ஸும் பூட்டிய கேட்டும்தான். பூங்காவில் அந்த நாய்கள் எந்த இனமாக இருந்திருந்தாலும், கட்டுக்குள் இருந்திருந்தால் குழந்தை தப்பியிருக்கும்.

என் நாய் ஒருவரைக் கடித்துவிட்டால் சட்டப்படி என்ன நடக்கும்?

பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவு இதற்கென்றே இருக்கிறது. தன் வசம் உள்ள விலங்கால் மனித உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ வராமல் தடுக்க வேண்டிய ஏற்பாடுகளைத் தெரிந்தோ அலட்சியத்தாலோ செய்யாமல் விட்டால், ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இது 289-ஆம் பிரிவு. அபராதம் 1,000 ரூபாய்தான் இருந்தது. காயத்தின் தன்மையைப் பொறுத்து வேறு பிரிவுகளும் சேரும். இழப்பீடு கேட்டு சிவில் வழக்கும் போடலாம். "இது முன்னாடியே ரெண்டு பேரைக் கடிச்சிருக்கு" என்பது உங்களுக்குத் தெரிந்திருந்தது என்று நிரூபணமானால் உங்கள் நிலைமை இன்னும் மோசம்.

கவனிக்க வேண்டியது "தன் வசம் உள்ள" என்பதை. வீட்டு வேலைக்கு வரும் அம்மாவிடமோ, பத்து வயதுப் பையனிடமோ 40 கிலோ நாயின் கயிற்றைக் கொடுத்து அனுப்பிவிட்டு "நான் அப்போது ஆபீஸில் இருந்தேன்" என்பது தப்பிக்க உதவாது. நாய் இழுத்தால் நிறுத்தி வைக்கக்கூடிய ஆள்தான் கயிற்றைப் பிடிக்க வேண்டும். ஐந்தடி, ஆறடிக் கயிறு போதும். பட்டனை அழுத்தினால் நீண்டுகொண்டே போகும் கயிறு ஆளில்லாத மைதானத்துக்குச் சரி, தி.நகர் நடைபாதைக்குச் சரிப்படாது.

கடித்த நிமிடத்தில் வாக்குவாதம் வேண்டாம். நாயை உள்ளே கட்டுங்கள். கடிபட்டவரைக் குழாயடிக்குக் கூட்டிப்போங்கள். தடுப்பூசிப் புத்தகத்தை நீங்களே எடுத்து நீட்டுங்கள். மருத்துவமனைக்குக் கூடவே போய்ச் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள். அடுத்த பத்து நாள் நாயை வீட்டிலேயே கண்காணிப்பில் வைத்து அதன் நிலையை அவருக்குத் தெரிவித்துக்கொண்டே இருங்கள். "நீங்க ஏன் ஓடினீங்க?" என்ற ஒரு கேள்வியால் காவல் நிலையம் வரை போன சண்டைகள் உண்டு.

கடிபட்டவர் முதலில் செய்ய வேண்டியது?

சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். பதற்றத்தில் ஒரு நிமிடமே பத்து நிமிடம் மாதிரி இருக்கும். மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள், மிளகாய்த்தூள் எதையும் அப்பாதீர்கள். கட்டுப் போட்டு மூடாதீர்கள். அன்றே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போனால் ஊசி இலவசம். தோலில் போடும் முறையில் முதல் நாள், பிறகு 3, 7, 28-ஆம் நாட்களில் போடுவார்கள். ரத்தம் வந்த கடி என்றால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற, கிருமியை உடனே எதிர்க்கும் மருந்தும் போட வேண்டும். அதைக் கேட்டு வாங்குங்கள்.

"வீட்டு நாய்தான், ஊசி போட்ட நாய்தான்" என்ற ஆறுதலை நம்பி வீட்டில் இருந்துவிடக் கூடாது. மருத்துவர் முடிவு செய்யட்டும். 2024-ல் தமிழ்நாட்டில் சுமார் 4.8 லட்சம் பேர் நாய்க்கடிக்குச் சிகிச்சை பெற்றார்கள். 43 பேர் வெறிநாய்க்கடி நோயால் இறந்தார்கள். அறிகுறி தொடங்கிவிட்டால் காப்பாற்ற மருந்து இல்லாத நோய். அறிகுறிக்கு முன்னால் ஒழுங்காகக் கழுவி ஊசி போட்டால் வரவே வராமல் தடுக்கக்கூடிய நோயும் இதுதான்.

எங்கள் அபார்ட்மெண்டில் நாய் வளர்க்கக் கூடாது, லிஃப்டில் ஏற்றக் கூடாது என்று சங்கம் தீர்மானம் போடலாமா?

போட முடியாது. பெரும்பான்மை கை தூக்கினாலும் செல்லாது. இந்திய விலங்கு நல வாரியம் 2015-லேயே இதற்கு வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. நாயின் அளவு, இனம், குரைப்பு எதையும் காரணம் காட்டி வெளியேற்றக் கூடாது, லிஃப்டையும் மறுக்கக் கூடாது. செல்லப்பிராணியைத் தடை செய்யும் குடியிருப்பு விதிகள் செல்லாது என்று கேரள உயர் நீதிமன்றமும் 2021-ல் தீர்ப்பளித்தது.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது என்பதால் நாய் வைத்திருப்பவர்கள் சிலர் நடந்துகொள்ளும் விதம்தான் எனக்கு வருத்தம். எங்கள் குடியிருப்பில் ஒரு நாள் மாலை லிஃப்ட் கதவு மூன்றாவது மாடியில் திறந்தது. உள்ளே டியூஷன் பையோடு ஒரு பையன் நின்றிருந்தான். லேப்ரடார் ஒன்று உரிமையாளருக்கு முன்னால் உள்ளே பாய்ந்து பையை முகர்ந்தது. பையன் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, கண்ணாடிச் சுவரில் முதுகை ஒட்டி, குதிகாலை உயர்த்தி நின்றான். "ஒண்ணும் பண்ணாதுப்பா, ஃபிரெண்ட்லி" என்று சிரித்தபடி அவர் தரைத்தளப் பட்டனை அழுத்தினார். அந்த நாய் ஒன்றும் பண்ணவில்லைதான். ஆனால் அன்றிலிருந்து அந்தப் பையன் மாடிப்படியில்தான் இறங்கிப் போகிறான். அவனுக்கும் லிஃப்டில் உரிமை உண்டு.

எங்கள் சங்கத்தில் பிறகு எழுதி ஒட்டிய வழக்கம் எளிமையானது. லிஃப்ட் திறக்கும்போது உள்ளே ஆள் இருந்தால் நாயோடு இருப்பவர் "வரலாமா?" என்று கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் அடுத்த முறைக்குக் காத்திருக்க வேண்டும். உள்ளே போனால் நாயை மூலையில் நிறுத்தி, தன் உடம்பை நடுவில் வைத்துக்கொள்ள வேண்டும். இதற்குச் சட்டம் தேவைப்படவில்லை. நாய் வைத்திருப்பவர்கள்தான் முதலில் கையெழுத்துப் போட்டார்கள்.

நாய் அசிங்கம் செய்தால் யார் அள்ளுவது?

கயிற்றைப் பிடித்திருப்பவர். துப்புரவுப் பணியாளரின் வேலை அல்ல அது. பழைய செய்தித்தாள் ஒன்றைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போக எவ்வளவு நேரமாகும்? நாய் வளர்ப்பவர்கள் மேல் ஊருக்கு இருக்கும் கோபத்தில் பெரும்பகுதி கடியால் வந்ததல்ல, வாசலில் மிதித்ததால் வந்தது.

பக்கத்து வீட்டு நாய் பகலெல்லாம் குரைக்கிறது. என்ன செய்யலாம்?

குரைப்பதை வைத்து நாயை வெளியேற்ற முடியாது. ஆனால் அது ஏன் குரைக்கிறது என்று பாருங்கள். காலையில் இரண்டு பேரும் வேலைக்குப் போய்விட, பால்கனிக் கம்பியில் குட்டைச் சங்கிலியில் கட்டப்பட்ட நாய் வேறென்ன செய்யும்? 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம், குட்டையான அல்லது கனமான சங்கிலியில் நீண்ட நேரம் கட்டிவைப்பதைக் குற்றம் என்கிறது. எப்போதும் கட்டியோ அடைத்தோ வைத்திருக்கும் நாய்க்குப் போதிய நடை கொடுக்காமல் இருப்பதும் 11-ஆம் பிரிவின்படி குற்றம். நாயை நடக்கக் கூட்டிப்போவது சட்டப்படியான கடமை என்பது பலருக்குத் தெரியாது. இதைச் சண்டையாக இல்லாமல் பக்கத்து வீட்டுக்காரரிடம் எடுத்துச் சொல்லுங்கள். காலையும் மாலையும் அரைமணி நேரம் நடந்த நாய் மதியம் தூங்கும்.

தெருநாய்க்குச் சோறு வைப்பவர் அதன் உரிமையாளர் ஆகிவிடுவாரா?

ஆக மாட்டார். 2023-ஆம் ஆண்டின் விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் வீட்டு நாயையும் தெருநாயையும் தெளிவாகப் பிரிக்கின்றன. வீட்டு நாய்க்குத் தடுப்பூசி, குடற்புழு நீக்கம், கருத்தடை ஆகியவை உரிமையாளர் பொறுப்பு. தெருநாய்க்கு அந்தப் பொறுப்பு உள்ளாட்சி அமைப்பினுடையது.

2025 ஆகஸ்ட் 11-ல் டெல்லித் தெருநாய்களையெல்லாம் காப்பகத்தில் அடைக்கச் சொன்ன உச்ச நீதிமன்றம், 22-ஆம் தேதி மூன்று நீதிபதிகள் அமர்வில் அதை மாற்றியது. கருத்தடை செய்து, ஊசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும், வெறி பிடித்ததும் ஆக்ரோஷமானதும் மட்டும் விதிவிலக்கு என்றது. கண்ட இடத்தில் சோறு வைக்கக் கூடாது, அதற்கென ஒதுக்கிய இடத்தில்தான் வைக்க வேண்டும் என்றும் சொன்னது. ஆகவே மாடிப்படிக்குக் கீழேயும் பள்ளி வேன் நிற்கும் இடத்திலும் சோறு வைக்காதீர்கள். சோறு வைப்பவருக்குத்தான் அந்த நாய்கள் கிட்ட வரும். கருத்தடைக்குப் பிடிக்க வண்டி வரும்போது முன்னால் நின்று உதவ அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. 2024 கணக்கெடுப்பில் சென்னையில் சுமார் 1.8 லட்சம் தெருநாய்கள் இருந்தன. கருத்தடை செய்யப்பட்டவை கால்பங்குக்குச் சற்று அதிகம்தான்.

இனி வளர்க்க முடியாது. எங்கேயாவது விட்டுவிடலாமா?

கூடாது. அதே 1960 சட்டத்தின்படி, பசியாலோ தாகத்தாலோ தவிக்க நேரும் வகையில் விலங்கைக் கைவிடுவது குற்றம். முதல் முறை குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. ஆமாம், இன்றும் அதுதான். ஒரு டீ, ஒரு வடை விலையில் ஓர் உயிரைத் தெருவில் தள்ளிவிட்டுப் போகலாம் என்று இருக்கிறது நம் சட்டம். இதை மாற்றக் கோரி எழுதாத நாய்ப் பிரியர் யாரும் இருக்கக் கூடாது. பெரிய இனங்களுக்குத் தடை வரும்போதெல்லாம் எனக்கு முதலில் வரும் பயம் இதுதான்: வீட்டில் சோபாவில் படுத்த நாய் நெடுஞ்சாலை ஓரத்தில் கார் போன திசையைப் பார்த்து ஓடும்.

முடியவில்லை என்றால் உங்கள் கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள். அவருக்கு நாய் தேடும் குடும்பங்கள் தெரிந்திருக்கும். புது வீடு கிடைத்ததும் லைசென்ஸிலும் சிப் பதிவிலும் பெயரை மாற்றிக் கொடுங்கள்.

குட்டி வாங்குமுன் என்ன பார்க்க வேண்டும்?

விற்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்தவரா என்று கேளுங்கள். 2017-ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க விதிகளின்படி எட்டு வாரத்துக்கு உட்பட்ட குட்டியை விற்கக் கூடாது. தாயை நேரில் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் வாங்காதீர்கள். சைபீரியன் ஹஸ்கி மாதிரி குளிர்நாட்டு நாய்க்கு நம் ஊர் வெயில் சித்திரவதை. நாட்டு நாய்க்குட்டி ஒன்றைத் தத்தெடுப்பது எல்லா வகையிலும் நல்லது.

பொறுப்பில்லாமல் நாயை அவிழ்த்துவிடும் ஒருவர் மேல் எங்கே புகார் செய்வது?

முதலில் நேரில் பேசுங்கள், அடுத்து சங்கம் மூலம் எழுத்தில் கொடுங்கள். அப்போதும் திருந்தவில்லை என்றால் மாநகராட்சியின் 1913 எண்ணில் புகாரைப் பதிந்து, புகார் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தேதி, நேரம், இடம் தெரியும்படி படமோ காணொளியோ இருக்கட்டும். "அந்த நாய் ஆபத்தானது" என்பதைவிட "செவ்வாய் மாலை 6 மணிக்குக் கயிறு இல்லாமல் விளையாட்டுத் திடலில் இருந்தது" என்று எழுதினால்தான் அதிகாரிக்கு நடவடிக்கை எடுக்கப் பிடி கிடைக்கும். அந்த நாய்க்கு லைசென்ஸ் இருக்கிறதா என்று சரிபார்க்கும்படியும் புகாரில் கேளுங்கள். காயம் ஏற்பட்டிருந்தால் காத்திருக்க வேண்டாம். மருத்துவமனைச் சீட்டோடு நேராகக் காவல் நிலையம் போய் 291-ஆம் பிரிவைக் குறிப்பிட்டுப் புகார் கொடுத்து, ரசீது வாங்குங்கள். நாயை நீங்களே அடிக்கவோ விஷம் வைக்கவோ இறங்காதீர்கள். நாயைக் கொல்வதும், விஷம் வைப்பதும், ஊனமாக்குவதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவின்படி ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். விஷம் கலந்த உருண்டையை எந்த நாய் தின்னும் என்பதும் வைத்தவர் கையில் இல்லை.